முதலில் பெட்டி, அப்புறம் ஃப்ரிட்ஜ்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்கு விடிவதற்கு முன்பே போய் நின்றால், ஊரின் சமையலறைக்கும் சாமி மாலைக்கும் வேண்டியதெல்லாம் எப்படி வந்து சேர்கிறது என்று பார்த்துவிடலாம். துறையூர், முசிறி, லால்குடி பஸ்களிலிருந்து சாக்குகளும் கூடைகளும் இறங்குகின்றன. வெளியே சாலையில் லோடு ஆட்டோக்களும் குட்டி யானைகளும் பொலிரோ பிக்கப்புகளும் காந்தி மார்க்கெட்டை நோக்கி ஓடுகின்றன. எட்டரை, கோப்பு கிராமங்களில் இருட்டிலேயே பறித்த மல்லிகை, ஈரச் சாக்கில் சுற்றியபடி காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டுக்குப் போகிறது. மொட்டாக இருக்கும்வரைதான் அந்தப் பூவுக்கு விலை. வெயில் ஏறி வாய் திறந்துவிட்டால் கேட்பாரில்லை.

இந்த வண்டிகளில் குளிர்ச்சி என்று சொல்வதற்கு இருப்பது அந்த ஈரச் சாக்கும், மீன் வண்டிகளில் பசை நாடா ஒட்டிய தெர்மாகோல் பெட்டியும்தான். சித்திரையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும் ஊர் இது.

இதே ஊரில் இன்னொரு வகை வண்டிக்காரர்களும் பெருகியிருக்கிறார்கள். 2020-இல் புதிய தார் ஜீப், 2023-இல் ஜிம்னி என்று வந்த பிறகு, நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டிகள் நடுத்தரக் குடும்பங்களின் வாசலிலும் நிற்கத் தொடங்கின. வார இறுதியில் பச்சைமலைக்கோ, எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்கோ குடும்பத்தோடு போகிறார்கள். பின்பக்கத்தில் இழுப்பறை வைத்து, பேட்டரியில் ஓடும் ஃப்ரிட்ஜ் ஒன்றைப் பொருத்த வேண்டும் என்பது அவர்களில் பலருக்கு ஆசை. வெளிநாட்டுச் சாமானின் விலையைக் கேட்டதும் ஆசை பாதியில் நிற்கிறது. பல பத்தாயிரம் ரூபாய் ஆகிறது.

காய்கறி ஏற்றுபவருக்கும் மலை ஏறுபவருக்கும் பிரச்சினை ஒன்றுதான். இருவருமே தவறான முனையிலிருந்து தொடங்குகிறார்கள். குளிரை உண்டாக்கும் இயந்திரத்தைப் பற்றி யோசிக்கிறார்களே தவிர, குளிரைப் பிடித்துவைக்கும் பெட்டியைப் பற்றி யோசிப்பதில்லை. அரசின் குளிர்பதனத் திட்டங்களும் இதே தவறைப் பெரிய அளவில் செய்கின்றன.

வண்டிக்குள் ஃப்ரிட்ஜ் வைக்கும் பழக்கத்தை உலகுக்குப் பரப்பியதில் ஆஸ்திரேலியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜப்பானின் சவாஃபுஜி நிறுவனம் செய்த எங்கெல் ஃப்ரிட்ஜ்களை 1960-களிலிருந்தே அங்கே வாங்கி வண்டிகளில் வைத்தார்கள். ஆனால் அவர்களும் சாக்கிலிருந்துதான் தொடங்கினார்கள். 1890-களில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கூல்கார்டி தங்கச் சுரங்கப் பகுதியில், சட்டத்தைச் சுற்றிச் சாக்குத் துணி தொங்கவிட்டு, மேலே தண்ணீர்த் தட்டு வைத்து, அதிலிருந்து துணித் திரிகளால் ஈரத்தை இறக்கி ஒரு அலமாரி செய்தார்கள். வறண்ட காற்று பட்டு ஈரம் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் வெண்ணெயும் இறைச்சியும் கெடாமல் நின்றன. அது இன்றைக்கும் கூல்கார்டி சேஃப் என்ற பெயரில் நினைவில் இருக்கிறது. டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மின்சாரம் வேண்டாத குளிர் அறையும் இதே தத்துவம்தான்: இரண்டு செங்கல் சுவர், நடுவே ஈர மணல். குஜராத்தின் வாங்கானேரில் மன்சுக்பாய் பிரஜாபதி மண்ணிலேயே செய்த மிட்டிகூல் ஃப்ரிட்ஜும் அப்படியே.

திருச்சியின் கோடைக்கு இது பொருந்தும். வெயில் 40 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், நன்றாக நனைந்து காற்றுப் படும் சாக்கு சுமார் 26 டிகிரிவரை இறங்கும். கீரைக்கும் பூவுக்கும் அந்த 14 டிகிரி பெரிய வரம். ஐப்பசி மழையில் காற்றே நனைந்திருக்கும்போது இந்த வித்தை எடுபடாது. மீனுக்கும் பாலுக்கும் எந்த மாதத்திலும் போதாது. அங்கே ஐஸ் வேண்டும், ஐஸுக்கு நல்ல பெட்டி வேண்டும்.

நல்ல பெட்டி என்றால் என்ன என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. உள்ளளவு 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 40 உயரம் உள்ள ஒரு பெட்டி. கிட்டத்தட்ட 96 லிட்டர் கொள்ளும், ஜீப்பின் பின்பக்கத்தில் தாராளமாக உட்காரும். வெளியே 35 டிகிரி, உள்ளே 5 டிகிரி. கடையில் கிடைக்கும் ஒரு அங்குல தெர்மாகோலில் இதைச் செய்தால், சுவர் வழியே நுழையும் வெப்பத்தைச் சமாளிக்க மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 15 கிலோ ஐஸ் கரையும். அதே பெட்டிக்கு இரண்டு அங்குல பஃப் பலகை போட்டால் சுமார் 5 கிலோ போதும். வித்தியாசம் மூன்று மடங்கு. பஃப் என்று பட்டறைகளில் சொல்லும் அந்த மஞ்சள் நுரைப் பலகை குளிர் அறை கட்டுபவர்களிடம் துண்டு துண்டாக மிஞ்சுகிறது. மிச்சத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, வெளியே ப்ளைவுட், உள்ளே அலுமினியத் தகடோ கண்ணாடியிழைத் தகடோ போட்டு, மூடிக்கு ரப்பர் பட்டை ஒட்டினால் பெட்டி தயார்.

கதவைப் பக்கவாட்டில் வைக்காமல் மூடியை மேலே வைக்க வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது. பக்கக் கதவைத் திறந்தால் தரையில் கொட்டிய தண்ணீர்போல வெளியே ஓடிவிடும்; மேல்மூடியைத் திறந்தால் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். கரைந்த தண்ணீர் வடிய அடியில் மூடியுள்ள ஒரு துளை வேண்டும். மீன் தண்ணீரில் ஊறினால் நாறிப்போகும் என்பது காசிவிளங்கி மீன் மார்க்கெட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐஸ் வாங்கும்போது நிறத்தையும் பார்க்க வேண்டும். சாப்பிடத் தகாத தண்ணீரில் செய்யும் ஐஸ் நீல நிறத்தில் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் விதித்தது. நீல ஐஸ் உணவின் மேல் படக் கூடாது. பெட்டியைக் குளிர்விப்பதோடு சரி.

மலிவான பெட்டி என்ன சாதிக்கும் என்பதற்கு நம்மிடமே பெரிய சாட்சி இருக்கிறது. போலியோ சொட்டு மருந்து. கிராம சுகாதார செவிலியரின் தோளில் தொங்குமே, அந்தச் சின்னப் பெட்டியில் மோட்டார் கிடையாது, வயர் கிடையாது. கெட்டியான நுரைச் சுவரும் நான்கு ஐஸ் பொதிகளும்தான். மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஃப்ரீஸரிலிருந்து எடுத்த ஐஸ் பொதியை உடனே உள்ளே வைக்க மாட்டார்கள். வெளியே வைத்து, மேலே வியர்த்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை காத்திருப்பார்கள். முழு உறைநிலையில் வைத்தால் மஞ்சள் காமாலை தடுப்பூசி போன்றவை உறைந்து வீணாகிவிடும் என்பதால் அந்தப் பொறுமை. சுகாதாரத் துறையின் ஜீப்பிலும், ஜீப் போகாத இடத்துக்கு நடந்தும் போன அந்தப் பெட்டிகளின் துணையோடுதான் இந்தியா 2011 ஜனவரிக்குப் பிறகு இயற்கைப் போலியோ வைரஸால் ஒரு நோயாளியும் இல்லாமல் கடந்து, 2014 மார்ச்சில் சான்றிதழ் பெற்றது. இவ்வளவு செய்த பெட்டியை ஒரு வாழைத்தார் வியாபாரிக்கும் பூக்காரருக்கும் நாம் கொடுக்கவில்லை.

மருந்து என்றதும் இன்னொன்று. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்களில் இன்சுலின் போடுகிறவர்கள் பயணம் போகும்போது மருந்தை எங்கே வைப்பது என்று தவிக்கிறார்கள். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரியை நெருங்கும். டேஷ்போர்டில் வைத்த இன்சுலின் அங்கேயே சக்தி இழந்துவிடும். ஐஸோடு ஒட்டி உறைந்தாலும் வீண்தான். குடும்ப வண்டியில் குளிர்ப்பெட்டி என்பதைச் சுற்றுலாக்காரர்களின் ஆடம்பரம் என்று தள்ள முடியாததற்கு இது ஒன்றே போதும்.

பெட்டி சரியான பிறகு ஃப்ரிட்ஜுக்கு வரலாம். கடைகளில் சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் கூலர் என்று மலிவாக விற்பவற்றில் பெரும்பாலானவை கம்ப்ரஸர் இல்லாத பெல்டியர் வகை. வெளிவெப்பத்தைவிட 15, 20 டிகிரி குறைப்பதுதான் அவற்றால் முடியும். டிசம்பரில் கொடைக்கானலில் அது நன்றாகவே வேலை செய்யும். மே மாதம் சத்திரத்தில் நிறுத்திய வண்டியில் உள்ளே 20, 25 டிகிரிக்குக் கீழே இறங்காது. பால் திரியும், மின்சாரமும் போகும். இதை வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தில் ஒரு நல்ல பஃப் பெட்டி செய்துகொள்ளலாம்.

கம்ப்ரஸர் வைத்த 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் உண்மையான ஃப்ரிட்ஜ். ஓடும்போது 45 வாட் அளவுதான் இழுக்கும். ஆனால் அதன் பலத்தைப் பற்றிப் பலருக்குத் தப்பான எண்ணம் இருக்கிறது. 32 டிகிரியில் இருக்கும் 20 கிலோ காய்கறியை 12 டிகிரிக்கு இறக்க அந்தக் குட்டி கம்ப்ரஸருக்கு ஏழு மணி நேரம் பிடிக்கும். அதே வேலையை 5 கிலோ ஐஸ் வெகு சீக்கிரம் முடித்துவிடும். ஆகவே குளிர வைப்பது ஐஸின் வேலை, குளிர்ந்ததைக் காப்பது ஃப்ரிட்ஜின் வேலை என்று பிரித்துக்கொள்வதுதான் சிக்கனம். வீட்டு ஃப்ரிட்ஜில் முந்தின இரவே குளிர வைத்த பொருளை ஏற்றினால் பேட்டரிக்குப் பாதி வேலை மிச்சம்.

பேட்டரியில்தான் அதிகம் பேர் பணத்தை இழக்கிறார்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி ஒரு நொடி பெரிய வேகத்தில் மின்சாரம் கொடுக்கப் பிறந்தது. இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கப் பிறந்ததில்லை. கோடை இரவில் எட்டு மணி நேரம் ஃப்ரிட்ஜ் ஓடினால் 30 ஆம்பியர் மணி வரை உறிஞ்சிவிடும். 65 ஆம்பியர் மணி பேட்டரியில் அது பாதி. நாலைந்து முறை இப்படி ஆனால் காலையில் வண்டி கிளம்பாது, அதுவும் செல்போன் சிக்னல் கிடைக்காத மலையில். இரண்டாவது பேட்டரி ஒன்று தனியாக வேண்டும். என்ஜின் ஓடும்போது மட்டும் அதற்கு மின்சாரம் போக ஒரு ரிலே வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரே கணினி சொல்படி கூடிக் குறையும் என்பதால், ரிலேவுக்குப் பதில் டிசி-டிசி சார்ஜர் தேவைப்படும். 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரி ஏறத்தாழ 30 கிலோ. அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 12 கிலோ அளவுதான். விலை அதிகம், ஆயுளும் அதிகம்.

வயரில் மிச்சம் பிடிப்பது கெட்ட சிக்கனம். முன்பக்க பேட்டரியிலிருந்து பின்பக்க ஃப்ரிட்ஜுக்கு மெல்லிய 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்தால் அரை வோல்ட் வழியிலேயே தொலையும். பேட்டரி கொஞ்சம் இறங்கியதும் ஃப்ரிட்ஜ் தானாக அணைந்துவிடும். கோளாறு ஃப்ரிட்ஜில் என்று நினைத்து அதைக் கழற்றிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகிறவர்கள் உண்டு. 6 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வைக்க வேண்டும். பின்பக்கம் ஃப்ரிட்ஜ் அருகில் மட்டும் ஃப்யூஸ் வைத்துவிட்டு, நடுவே வயர் தகட்டில் உரசினால் வண்டியே எரியும்.

பெட்டியைக் கட்டுவதில் காட்டும் அலட்சியம் இதையெல்லாம்விட ஆபத்தானது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி சட்டென்று நின்றால், பின்பக்கத்தில் கட்டாமல் வைத்த 30 கிலோ பெட்டி 400 கிலோவுக்கு மேல் உள்ள விசையோடு முன்னால் இருப்பவரின் பின்னந்தலையை நோக்கி வரும். ரப்பர் கயிறு அந்தக் கணத்தில் நூல்தான். ராட்செட் பட்டையால் வண்டியின் தரையிலிருக்கும் இரும்பு வளையங்களில் இழுத்துக் கட்ட வேண்டும். கனமான பொருள் அடியிலும் இருக்கைக்கு ஒட்டியும் இருக்க வேண்டும். வண்டியின் மேல் கேரியரில் தண்ணீர் கேனும் சாமானும் அடுக்கிக்கொண்டு மலை ஏறுவது பார்க்க வீரமாக இருக்கும். கொண்டை ஊசி வளைவில் வண்டி சாய அதுவே காரணமாகும்.

இருக்கைகளைக் கழற்றிவிட்டு நிரந்தரமாக அலமாரி பற்றவைக்கலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் சொன்ன அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கழற்றி எடுக்கக்கூடிய பெட்டியை ஏற்றி இறக்குவது சரக்கு ஏற்றுவதுபோலத்தான். விபத்துக் காப்பீட்டில் தகராறு வராமல் இருக்கவும் அதுவே வழி. மலிவாகச் செய்வதற்கும் சட்டப்படி செய்வதற்கும் இங்கே ஒரே பாதை அமைந்திருப்பது நல்லதுதான்.

எல்லாவற்றையும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு குளிர வைப்பதும் தவறு. திருச்சி வாழை ஊர். லால்குடி, முசிறி, தொட்டியம் வட்டாரமெங்கும் வாழை. தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993 முதல் இங்கேதான் இருக்கிறது. வாழைப்பழத்தை 13 டிகிரிக்குக் கீழே கொண்டுபோனால் தோல் கறுத்துவிடும், பழுக்கவும் மாட்டாது. தக்காளிக்கும் கடுங்குளிர் ஆகாது. மீனுக்கு மாறாக 0 டிகிரி வேண்டும், எடைக்கு எடை ஐஸ் போட வேண்டும். ஒரே வண்டியில் இரண்டு பெட்டி வைப்பது ஒரு பெரிய பெட்டி வைப்பதைவிட மேல் என்பதற்கு இதுவே காரணம். வீட்டு உபயோகத்துக்கும் அப்படித்தான்: அடிக்கடி திறக்கும் தண்ணீர் பாட்டில் ஒரு பெட்டியில், சாப்பாடும் மருந்தும் இன்னொன்றில்.

இனி அரசின் கணக்குக்கு வருவோம். 2015-இல் நபார்டு ஆலோசனை நிறுவனம் நாடு முழுக்க எடுத்த குளிர்பதன ஆய்வில் ஒரு விஷயம் துலக்கமாகத் தெரிந்தது. குளிர்பதனக் கிடங்குகள் 3.5 கோடி டன் கொள்ளளவுக்கு வேண்டும், 3.18 கோடி டன்னுக்கு இருந்தன. பற்றாக்குறை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குளிர்சாதன வண்டிகளோ 61,826 வேண்டும். 10,000-க்கும் குறைவாகவே இருந்தன. வயலுக்குப் பக்கத்தில் விளைபொருளைத் தரம் பிரித்துக் குளிர வைக்கும் சிப்பக் கூடங்கள் 70,080 வேண்டும், இருந்தவை 249. அதாவது கிடங்கு இருக்கிறது, கிடங்குவரை போகும் வழியில்தான் குளிர் இல்லை. அதே ஆண்டு லூதியானாவின் அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப மையம் வெளியிட்ட ஆய்வு, காய்களிலும் பழங்களிலும் பொருளைப் பொறுத்து 4.58 முதல் 15.88 சதவீதம்வரை வீணாவதாகச் சொன்னது.

ஆனாலும் மானியம் பெரும்பாலும் கட்டடத்துக்கும் பெரிய லாரிக்குமே போகிறது. திருச்சிக்காரர்களுக்குக் கட்டடத்தின் கதை தெரியும். காந்தி மார்க்கெட்டின் நெரிசலுக்கு மாற்றாகக் கள்ளிக்குடியில் பல கோடி ரூபாய் செலவில் வணிக வளாகம் எழுந்தது. வியாபாரிகள் அங்கே போக மறுத்துவிட்டார்கள். பொருள் எந்த வண்டியில், எந்த நேரத்தில், யார் கையில் ஓடுகிறதோ அங்கே போய்த்தான் உதவ வேண்டும். துறையூரிலிருந்து சத்திரத்துக்குச் சுமார் 45 கிலோமீட்டர். பச்சைமலையில் ஏற்றிய பலாவும் காயும் அந்தப் பாதையில் பிக்கப்பில் திறந்து கிடந்தபடி வருகின்றன. அந்த ஓட்டுநருக்குக் குளிர்சாதன லாரிக்கு மானியம் தருவதாகச் சொன்னால் என்ன பயன்? அவருக்கு வேண்டியது வண்டியின் பாதித் தளத்தை அடைக்கும் ஒரு பஃப் பெட்டி, ஒரு தார்ப்பாய், பத்து கிலோ ஐஸ்.

இதைச் செய்ய வெளியூர் போக வேண்டியதில்லை. 1965 முதல் பெல் கொதிகலன் ஆலை இருக்கும் ஊர் திருச்சி. வெப்பத்தை எப்படி அடைத்துவைப்பது, தகட்டை எப்படி மடிப்பது என்று தெரிந்த பட்டறைகள் அரியமங்கலத்திலிருந்து துவாக்குடிவரை இருக்கின்றன. கொதிகலனில் வெப்பம் வெளியே போகாமல் காப்பதும் பெட்டியில் வெப்பம் உள்ளே வராமல் காப்பதும் ஒரே கலை. திருவெறும்பூர் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டு, மூன்று அளவுகளில் பெட்டிக்கு வரைபடம் போட்டு மாணவர்களைச் செய்யவைக்கலாம். சென்னை ஐஐடியில் வளர்ந்த டான்90 நிறுவனம், ஐஸுக்குப் பதிலாக வேறு வேறு வெப்பநிலையில் உறையும் பொதிகளை வைத்துப் பெட்டிகள் செய்கிறது. வாழைக்கு ஒரு வெப்பநிலை, மீனுக்கு ஒன்று என்ற தேவைக்கு அது சரியான விடை. தோட்டக்கலைத் துறை சொட்டுநீர்க் குழாய்க்கு மானியம் தருவதுபோல இந்தப் பெட்டிகளுக்கும் தரலாம். ஒரு குளிர்பதனக் கிடங்குக்கு ஆகும் பணத்தில் ஒரு மாவட்டத்தின் சின்ன வண்டிகள் அனைத்துக்கும் பெட்டி கொடுத்துவிட முடியும் என்றே தோன்றுகிறது. அதிகாரிகள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

மாநகராட்சி செய்ய வேண்டியதும் இருக்கிறது. சத்திரம் பேருந்து நிலையத்தை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இடித்துக் கட்டி 2021 இறுதியில் திறந்தார்கள். பயணிகளுக்கு வசதிகள் கூடின. பஸ்ஸில் சாக்கு ஏற்றிவரும் பூக்காரருக்கும் கீரைக்காரருக்கும் சரக்கை நிழலில் இறக்கிவைக்க ஓர் இடம் அந்தத் திட்டத்தில் இருந்திருக்க வேண்டும். இப்போதாவது நிலையத்தை ஒட்டி ஒரு கூரை, நல்ல தண்ணீர்க் குழாய், குடிநீரில் செய்த ஐஸ் நியாயமான விலையில் கிடைக்கும் ஒரு கடை, வண்டிகள் பேட்டரி சார்ஜ் செய்துகொள்ள நாலு இணைப்பு என்று அமைக்கலாம். இதே ஏற்பாடு காந்தி மார்க்கெட்டிலும் சாத்தார வீதியிலும் வேண்டும். ஐஸ் பெட்டிக்கு மானிய விண்ணப்பம் வாங்கும் மேசையையும் அந்தக் கூரையின் கீழேயே போட்டு, விடியற்காலை நான்கு மணிக்குத் திறந்துவைத்தால், அலுவலக நேரத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் வியாபாரிகள் அங்கே வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பங்குனி பிறப்பதற்குள் பெட்டிகள் கைக்கு வந்துவிட வேண்டும்.